பள்ளிகளை மூடினால் வைரஸ் பரவல் நின்றுவிடுமா? புனேயின் 2009, 2020 அனுபவங்கள் சொல்வது என்ன?

ராத்திரி பத்தரை மணிக்கு ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வருகிறது. 'இரண்டாம் வகுப்பு பி செக்‌ஷனில் மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல்.' அடுத்த அஞ்சு நிமிஷத்தில் நாற்பது பதில்கள். 'உடனே ஸ்கூலை மூடச் சொல்லுங்க' என்று ஒருத்தர். 'போன தடவை ரெண்டு வருஷம் மூடினது போதாதா?' என்று இன்னொருத்தர். நீங்கள் ஹிஞ்சவடியிலோ கராடியிலோ வேலை பார்ப்பவர். நாளைக்குக் காலையில் ஆபீஸ் உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, சர்க்கரை நோயாளி, பக்கத்து அறையில் பேரனோடு தூங்கிக்கொண்டிருக்கிறார். பையனை நாளை ஸ்கூலுக்கு அனுப்புவதா, வேண்டாமா?

உங்களுக்குக் குழந்தை இல்லையென்றாலும் இந்தக் கேள்வி உங்களைச் சுற்றித்தான் இருக்கிறது. டீம்ல பாதிப் பேர் பெற்றோர்கள். உங்கள் வீட்டில் சமைக்கும் அக்காவின் மகள் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளி மூடினால் யாருடைய வாழ்க்கை எப்படிப் புரளும் என்பதை 2020-ல் எல்லோருமே பார்த்தோம்.

பொதுவாக நாம் மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். குழந்தைக்குத் தொற்று வருமா? வந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுவருமா? பள்ளியை மூடினால் அது நிற்குமா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. அதுவும் வைரஸைப் பொறுத்து மாறும். இதைப் புரிந்துகொள்ள இந்தியாவில் புனேயை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. பதினோரு வருட இடைவெளியில் இரண்டு உலகளாவிய தொற்றுகளில் முதலில் அடிபட்ட நகரங்களில் ஒன்று இது. தேசிய வைராலஜி நிறுவனம், அதாவது என்.ஐ.வி., 1952 முதல் இயங்குவதும் இங்கேதான்.

2009: பள்ளியிலிருந்து தொடங்கிய கதை

2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார அமைப்பு ஹெச்1என்1 காய்ச்சலை உலகளாவிய தொற்றாக அறிவித்தது. நாம் 'பன்றிக் காய்ச்சல்' என்று சொன்னது இதைத்தான். இந்தியாவில் முதல் தொற்று மே மாதமே ஹைதராபாத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் அப்போது கவலை எல்லாம் விமான நிலையங்களைப் பற்றித்தான். வெளிநாட்டிலிருந்து வருபவர்களைச் சோதித்து, தனிமைப்படுத்தினால் போதும் என்று நினைத்தார்கள்.

அந்த நம்பிக்கை உடைந்த இடங்களில் புனேயின் வகுப்பறைகள் முக்கியமானவை. அமெரிக்காவுக்குக் கல்விச் சுற்றுலா போய்த் திரும்பிய பள்ளி மாணவர்களிடம் தொற்று தென்பட்டது. அதற்குப் பிறகு, விமானத்தில் காலே வைக்காத மாணவர்களுக்கும் வந்தது. உள்ளூர்ப் பரவல் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 3 அன்று புனேயில் 14 வயதுப் பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்தார். இந்தியாவில் ஹெச்1என்1 தொற்றால் பதிவான முதல் மரணம் அது. அடுத்த சில நாட்களில் ஊரே மாறிப்போனது. நாயுடு தொற்றுநோய் மருத்துவமனை வாசலில் நீண்ட வரிசை, மருந்துக் கடைகளில் மாஸ்க் தட்டுப்பாடு. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் பள்ளி, கல்லூரி, தியேட்டர் எல்லாவற்றையும் மூட உத்தரவு வந்தது. கையில் எடுக்கப்பட்ட சட்டம் 1897-ம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாய், புனே பிளேக் காலத்தில் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த அதே சட்டம்தான்.

ஒரு சின்ன இடைச்செருகல். அந்த 1897 பிளேக்கில்தான் சாவித்ரிபாய் பூலே இறந்தார். 1848-ல் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். நோயுற்ற ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு சிகிச்சைக்கு ஓடியபோது அவருக்கும் தொற்றிக்கொண்டது என்பது வரலாறு. குழந்தையும் பள்ளியும் தொற்றும் இந்த ஊரில் பின்னிக் கிடப்பது நேற்று இன்று வந்த கதை இல்லை.

பஞ்சகனி விடுதிப் பள்ளியில் நடந்தது என்ன?

புனேயிலிருந்து வீக்கெண்டுக்குக் கார் எடுத்துக்கொண்டு மகாபலேஷ்வர் போகிறவர்களுக்குப் பஞ்சகனி தெரிந்திருக்கும். சதாரா மாவட்டத்து மலையூர். ஸ்ட்ராபெரியைப் போலவே விடுதிப் பள்ளிகளுக்கும் பெயர் பெற்ற இடம். 2009 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை, அங்குள்ள ஒரு விடுதிப் பள்ளியில் பரவிய காய்ச்சலை என்.ஐ.வி. விஞ்ஞானிகள் விசாரித்தார்கள். 2010-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் அந்த ஆய்வு வெளியானது. இந்தியப் பள்ளி ஒன்றுக்குள் ஒரு புது வைரஸ் எப்படி நடந்துகொண்டது என்பதை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்த ஆய்வுகள் குறைவு. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பள்ளியில் இருந்தவர்கள் மொத்தம் 415 பேர். அவர்களில் 295 பேருக்கு, அதாவது 71 சதவீதத்தினருக்கு, ஃப்ளூ போன்ற அறிகுறிகள் இருந்தன. எல்லாமே ஹெச்1என்1 இல்லை. புதிய வைரஸ் தொற்று என்று கணக்கில் வந்தவர்கள் 176 பேர், 42 சதவீதம். ஒரே கூரையின் கீழ், சில வாரங்களில்.

ஆனால் உண்மையில் கண்ணில் பட வேண்டிய எண் வேறு. பள்ளியில் இருந்த அத்தனை பேரின் ரத்தத்தையும் எடுத்து, இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். 216 பேரிடம் இருந்தது, 52 சதவீதம். பள்ளிக்கு வெளியே ஊர் மக்களிடமும் அதே சோதனை செய்தார்கள். அங்கே 9 சதவீதம்தான்.

அதாவது, பள்ளிச் சுவருக்கு உள்ளே பாதிப் பேரைத் தொட்டுவிட்ட வைரஸ், சுவருக்கு வெளியே பத்தில் ஒருத்தரைக்கூடத் தொடவில்லை. ஊரில் பரவி, பிறகு பள்ளிக்குள் நுழைந்திருந்தால் இந்த எண்கள் கிட்டத்தட்ட தலைகீழாக இருந்திருக்கும். இங்கே பள்ளிதான் அடுப்பு. ஊர் அதன் புகையை மட்டும் பார்த்தது.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. 82 பேரின் தொண்டை மாதிரி எடுக்கப்பட்டதில் 15 பேருக்குத்தான் ஹெச்1என்1 பாசிட்டிவ் வந்தது. அந்த 15-ஐ மட்டும் பார்த்திருந்தால், ஏதோ சின்ன விஷயம் என்று கடந்து போயிருப்பார்கள். உடம்பில் வைரஸ் இருக்கும் அந்த நாலைந்து நாளுக்குள் மாதிரி எடுத்தால்தான் தெரியும். ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியோ பல மாதங்கள் தங்கும். 'ஸ்கூல்ல மூணு கேஸ்தான்' என்று யாராவது சொன்னால், 'எத்தனை பேரை, எப்போது டெஸ்ட் பண்ணினீங்க' என்று கேட்பது தப்பில்லை.

ஃப்ளூவுக்கு ஏன் குழந்தைகளைப் பிடிக்கிறது?

வயதானவர்கள் வாழ்நாளில் பலவகை ஃப்ளூ வைரஸ்களைப் பார்த்திருப்பார்கள். 1957-க்கு முன்பு உலவிய ஹெச்1என்1 வகைகள் அவர்களின் உடம்பில் விட்டுப்போன நினைவு, 2009-லும் கொஞ்சம் கைகொடுத்தது. குழந்தைகளுக்கு அந்த நினைவு இல்லை. கூடவே, பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகள் ஃப்ளூ வைரஸை அதிக நாள் வெளியேற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெஞ்சில் மூன்று பேர், ஒரே வாட்டர் பாட்டிலில் நாலு பேர், ஸ்கூல் வேனில் பன்னிரண்டு பேர். அந்த வைரஸுக்கு வேறென்ன வேண்டும்?

அப்படியானால் ஃப்ளூ காலத்தில் பள்ளியை மூடினால் பலன் இருக்க வேண்டும். இருக்கிறது. 2009 தொற்று பற்றிய இந்தியத் தரவுகளை எடுத்து தார்வாட், லண்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. பண்டிகை விடுமுறைக்காகப் பள்ளிகள் மூடியிருந்த நாட்களில் பரவல் வேகம் என்ன ஆனது என்று அவர்கள் பார்த்தார்கள். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்ற எண், இடத்துக்கு இடம் 14 முதல் 27 சதவீதம் வரை குறைந்திருந்தது.

இதை எப்படிப் படிப்பது? ஒருவர் 1.4 பேருக்குப் பரப்புகிறார் என்றால், 27 சதவீதம் குறைத்தால் 1.02 ஆகும். தொற்று கிட்டத்தட்டப் படுத்துவிடும். 14 சதவீதம் குறைத்தால் 1.2. மெதுவாகும், நிற்காது. ஆனால் ஒருவர் மூன்று பேருக்குப் பரப்பும் வைரஸாக இருந்தால்? கால்வாசி குறைத்தாலும் இரண்டுக்கு மேல்தான் நிற்கும். பள்ளியை மட்டும் மூடி அதைப் பிடிக்க முடியாது. ஸ்கூலை மூடுவது பிரேக் மாதிரி. சைக்கிளை நிறுத்தும், லாரியை நிறுத்தாது.

2020: அதே பிரேக், வேறு வண்டி

மகாராஷ்டிராவின் முதல் கோவிட் நோயாளிகள் 2020 மார்ச் 9 அன்று புனேயில்தான் கண்டறியப்பட்டார்கள். துபாயிலிருந்து திரும்பிய தம்பதி. சேர்க்கப்பட்டது அதே நாயுடு மருத்துவமனையில். ஒரு வாரத்துக்குள் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு.

அந்த நேரத்தில் பள்ளியை மூடியது தப்பு என்று சொல்ல மாட்டேன். வைரஸ் புதுசு. கையில் இருந்த ஒரே அனுபவம் ஃப்ளூ. ஃப்ளூவுக்குப் பள்ளிதான் அடுப்பு என்று பஞ்சகனி வரை பார்த்தாகிவிட்டது. தெரியாத எதிரியிடம் முதலில் கதவைச் சாத்துவது புத்திசாலித்தனம்தான். பிரச்சினை, தெரிய வந்த பிறகும் கதவு திறக்காமல் இருந்ததில்.

என்ன தெரிய வந்தது?

2020 ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 5 வரை புனேயின் ஐந்து பகுதிகளில் 1,664 பேரிடம் ரத்த மாதிரி எடுத்தார்கள். புனே ஐஐஎஸ்இஆர், சாவித்ரிபாய் பூலே புனே பல்கலைக்கழகம், ஃபரிதாபாத்தின் டிஹெச்எஸ்டிஐ, நம்ம வேலூர் சிஎம்சி எல்லாம் சேர்ந்து செய்த ஆய்வு. 51.5 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. லோஹியாநகர் – காசேவாடி பகுதியில் 65.4 சதவீதம், கஸ்பா பேட் – சோம்வார் பேட் பகுதியில் 36.1 சதவீதம். ஆய்வில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள். பள்ளிகள் மூடி நாலு மாதமாகியும், ஊரின் அந்தப் பகுதிகளில் பாதிப் பேரைத் தொற்று தொட்டுவிட்டது. இந்தப் பரவலில் வகுப்பறைக்குப் பங்கே இல்லை. நெருக்கமான வீடுகள், பொதுக் கழிப்பறைகள், வேலைக்குப் போய் வந்தாக வேண்டிய மனிதர்கள். கஸ்பாவுக்கும் காசேவாடிக்கும் நடந்தே போகலாம். ஆனால் வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

குழந்தைகளைப் பற்றித் தெளிவான படம் கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆனது. 2021 ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். நடத்திய நான்காவது தேசிய ஆய்வில் முதல்முறையாக 6 வயதிலிருந்து குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். 6 முதல் 9 வயது வரை உள்ளவர்களில் 57.2 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம். ஒட்டுமொத்தமாக 67.6 சதவீதம், அதில் தடுப்பூசி போட்ட பெரியவர்களும் அடக்கம். குழந்தைகளுக்கு அப்போது தடுப்பூசியே கிடையாது. ஆகவே அந்த 57 சதவீதமும் தொற்றால் வந்ததுதான்.

இந்த எண்ணை இன்னொரு முறை படியுங்கள். 6 முதல் 9 வயதுக் குழந்தைகள் பதினைந்து மாதமாக ஏறக்குறைய எங்குமே வகுப்பறையில் உட்காரவில்லை. அப்படியும் பாதிக்கு மேல் தொற்றைச் சந்தித்து முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது வந்த வழி வேலைக்குப் போய்வந்த அப்பாவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், அபார்ட்மெண்ட் பசங்களாக இருக்கலாம். ஸ்கூல் இல்லை.

இதை வைத்து 'பள்ளியை மூடியது வீண்' என்று குதித்துவிடவும் கூடாது. திறந்தே இருந்திருந்தால் 2020-ல் பரவல் இன்னும் வேகமாக, மருத்துவமனைகள் தயாராகும் முன்பே வந்திருக்கலாம். இந்த ஆய்வு சொல்வது அதைவிடச் சின்னது, ஆனால் உறுதியானது: பள்ளியை மூடியதால் குழந்தைகள் தொற்றிலிருந்து காப்பாற்றப்படவில்லை. ஆய்வு முடிவை அறிவித்த ஐ.சி.எம்.ஆர். தலைவர் பல்ராம் பார்கவா, திறப்பதாக இருந்தால் முதலில் தொடக்கப் பள்ளிகளைத் திறக்கலாம் என்றே சொன்னார். நாம் என்ன செய்தோம்? பெரிய வகுப்புகளை முதலில் திறந்தோம், குட்டிகளைக் கடைசியில் விட்டோம்.

சரி, குழந்தைகள் பரப்பவே மாட்டார்களா?

இல்லை. இந்த இடத்தில்தான் 2020-ல் நிறைய பேர் மறுபக்கம் சாய்ந்தார்கள். 'குழந்தைகளிடமிருந்து பரவாது' என்று உலகம் முழுக்க ஒரு கருத்து ஓடியது. அதைக் கேள்விக்குள்ளாக்கிய முக்கியமான ஆய்வு தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்தது. சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த தொடர்புப் பட்டியல்களை ஆராய்ந்து 2020 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். உலகத்திலேயே அதுவரை வந்தவற்றில் பெரிய ஆய்வு.

அதில் இரண்டு முடிவுகள் நமக்கு முக்கியம். ஒன்று, நோயாளிகளில் 71 சதவீதம் பேரின் தொடர்புகளில் யாருக்குமே தொற்று வரவில்லை. சிலர் மட்டும் பலருக்குக் கொடுத்தார்கள். இன்னொன்று, தொற்று ஒரே வயதுக்காரர்களிடையே அதிகம் தாவியது. குழந்தையிடமிருந்து குழந்தைக்குத் தாவுவதும் அதில் தெளிவாகத் தெரிந்தது, அதுவும் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில்.

ஆக, குழந்தைக்கும் வரும், குழந்தையிடமிருந்தும் பரவும். ஆனால் கோவிடில் குழந்தைகள் ஃப்ளூவைப் போல ஊரையே இழுத்துச் செல்லும் இன்ஜின் இல்லை. இழுபட்டு வரும் பெட்டி. நோயின் கடுமையும் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறைவாகவே இருந்தது. அரிதாகச் சில குழந்தைகளுக்கு, தொற்று போய்ச் சில வாரங்களுக்குப் பிறகு பல உறுப்புகளில் அழற்சி வந்து, தீவிர சிகிச்சை வரை போக நேர்ந்ததும் உண்மை.

யாருக்கு ஆபத்து? டீச்சர்களை மறந்துவிட்டோம்

திறந்து வைத்த நாடுகளில் என்ன நடந்தது? ஸ்வீடன் 2020 வசந்தத்தில் 16 வயது வரையிலான பள்ளிகளை மூடவில்லை. மார்ச் முதல் ஜூன் வரை, 1 முதல் 16 வயது வரையிலான சுமார் 19.5 லட்சம் குழந்தைகளில் 15 பேர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். கோவிடால் உயிரிழந்தவர் யாரும் இல்லை.

இதைக் கேட்டதும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அதே ஸ்வீடனில் இன்னொரு ஆய்வு, வேறு கேள்வி கேட்டது. அங்கே மேல்நிலைப் பள்ளிகள் ஆன்லைனுக்குப் போயின, அதற்குக் கீழ் வகுப்புகள் திறந்திருந்தன. இரண்டு வகை ஆசிரியர்களையும் ஒப்பிட்டால்? திறந்திருந்த பள்ளிகளின் ஆசிரியர்களுக்குத் தொற்று உறுதியாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. பெற்றோர்களுக்குச் சுமார் 17 சதவீதம்தான் கூடுதல்.

எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பள்ளி பற்றிய நம் பேச்சு எல்லாம் 'என் பையனுக்கு என்ன ஆகும்' என்பதிலேயே முடிந்துவிடுகிறது. கட்டடத்துக்குள் அதிக ஆபத்தில் இருப்பவர் 54 வயது கணக்கு டீச்சர், ஆயாம்மா, வேன் ஓட்டும் காகா. குழந்தைகளை வரச் சொல்வதற்கு முன் அவர்களுக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்பதே முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

ஜெருசலேமில் ஒரு பள்ளியின் கதையும் பாடம்தான். 2020 மே 17 அன்று இஸ்ரேல் பள்ளிகளை முழுசாகத் திறந்தது. இரண்டே நாளில் கடும் வெப்ப அலை. மூன்று நாள் மாஸ்க் வேண்டாம் என்று விலக்கு கொடுத்தார்கள். வகுப்புக்கு 35 முதல் 38 பேர். ஏசி ஓயாமல் ஓடியது. திறந்த பத்து நாளில் பரவல் வெடித்தது: 153 மாணவர்கள், 25 ஊழியர்கள். மாணவர்களில் 13 சதவீதத்துக்கு மேல். பஞ்சகனியின் 42 சதவீதத்தோடு இதை நேரடியாக ஒப்பிட முடியாது. அது விடுதி, இது பகல் பள்ளி, வைரஸும் வேறு. ஆனால் காரணம் ஒன்றுதான். அடைத்த அறை, நெருக்கம், சுற்றிச் சுற்றி வரும் அதே காற்று.

இழந்தது எவ்வளவு?

மகாராஷ்டிராவில் ஹோட்டல்களும் பார்களும் 2020 அக்டோபர் 5 அன்று பாதி இருக்கைகளோடு திறந்தன. நகரப் பள்ளிகளில் 8 முதல் 12-ம் வகுப்பு வரை 2021 அக்டோபர் 4 அன்று திறந்தன. புனே நகரில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் வகுப்புக்குப் போனது 2021 டிசம்பர் நடுவில். ஓமிக்ரான் வந்து ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி மூடினார்கள். பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த குழந்தை, தன் வகுப்பறையை முதன்முதலில் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் பாதியைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டிலும் 1 முதல் 8-ம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தார்கள்.

அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையினர் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில் 16,067 அரசுப் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தார்கள். 92 சதவீதம் பேர் முந்தைய வருடம் தெரிந்திருந்த மொழித்திறன் ஒன்றையாவது இழந்திருந்தார்கள். கணக்கில் அது 82 சதவீதம். 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் வசதி குறைந்த 1,400 குடும்பங்களின் குழந்தைகளிடம் நடந்த இன்னொரு ஆய்வில், கிராமங்களில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 சதவீதம், நகரங்களில் 24 சதவீதம். உங்கள் அக்கா பையன் ஜூம் கிளாஸில் இருந்திருப்பான். அந்த 92 சதவீதத்துக்குள் இருப்பது வேறு வீட்டுக் குழந்தைகள். தமிழ்நாடு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை இறக்கியதற்குக் காரணமும் இந்த ஓட்டைதான். பள்ளி மூடினால் மதியச் சாப்பாடும் மூடும். அரிசியும் பருப்பும் மூட்டையாகக் கொடுத்தாலும், சுடச்சுட முட்டையோடு தட்டில் விழும் சோறு ஆகாது.

1918 ஃப்ளூவின்போது அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க்கும் சிகாகோவும் மூடவில்லை. நெருக்கடியான ஏழைக் குடியிருப்பைவிட, டாக்டரும் நர்ஸும் வந்து பார்க்கும் வகுப்பறை குழந்தைக்கு நல்லது என்பது நியூயார்க் சுகாதார அதிகாரிகளின் வாதம். ஃப்ளூ விஷயத்தில் அந்த முடிவு சரியா என்று இன்றும் விவாதம் உண்டு. ஆனால் 'பள்ளி இல்லையென்றால் குழந்தை எங்கே இருக்கும்' என்று அவர்கள் கேட்டார்கள். காசேவாடியின் 65 சதவீதத்தைப் பார்த்த பிறகும் நாம் அதைக் கேட்கவில்லை.

அடுத்த மெசேஜ் வரும்போது நீங்கள் என்ன கேட்கலாம்?

முதலில், வைரஸ் எந்த வகை? குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கி, அவர்கள் வழியாகவே ஊருக்குள் நுழைவதா, அல்லது பெரியவர்கள் வழியாக வந்து குழந்தைகளைத் தொடுவதா? முதல் வகையென்றால், தொடக்கத்திலேயே, சில வாரங்களுக்கு, பள்ளியை மூடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஊர் முழுக்கப் பரவிய பிறகு மூடினால் பலன் குறைவு. இரண்டாவது வகையென்றால், பார், மால், தியேட்டர் எல்லாம் திறந்து வைத்துவிட்டுப் பள்ளியை மட்டும் மூடுவதற்கு நியாயம் கிடையாது. மூடினால் எப்போது, எதைப் பார்த்துத் திறப்போம் என்பதையும் சேர்த்தே அறிவிக்கச் சொல்லுங்கள். 2020-ல் விடுபட்டது அதுதான்.

பள்ளியிடம் கேட்க வேண்டியது, கேட்டில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி நீட்டும் அந்தத் தெர்மல் ஸ்கேனரைப் பற்றி இல்லை. கோவிடில் அறிகுறி வருவதற்கு முந்தைய நாளே தொற்று தாவத் தொடங்கிவிடும். காய்ச்சல் பார்த்துப் பிடிக்க முடியாது. ஜன்னல் திறக்கிறதா என்று கேளுங்கள். புனேயில் டிசம்பர் காலைக் குளிருக்கு எல்லாக் கண்ணாடியையும் இழுத்து மூடிவிடுவார்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் கிடைக்கிறது. வகுப்பில் அது 800-க்குக் கீழே இருந்தால் காற்று ஓடுகிறது என்று அர்த்தம். பிளே ஸ்கூல் குட்டிகளுக்கு மாஸ்க் போட்டு அழ வைக்க வேண்டாம். 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு மாஸ்க் பரிந்துரைக்கப்படவில்லை என்று மத்திய அரசே 2022 ஜனவரியில் சொல்லிவிட்டது. காய்ச்சல் வந்த குழந்தை வீட்டில் இருந்தால் அட்டெண்டன்ஸில் கை வைக்க மாட்டோம் என்று பள்ளி எழுதித் தரட்டும். நூறு சதவீத வருகைக்குச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கத்தையும் மூட்டை கட்டலாம். இருமிக்கொண்டே ஒரு குழந்தையை வகுப்புக்கு வரவைக்கும் காகிதம் அது.

வீட்டில் பாட்டி இருந்தால், பேரனை ஸ்கூலிலிருந்து நிறுத்துவதற்கு முன்பு பாட்டியின் தடுப்பூசிக் கணக்கைப் பாருங்கள். பையனுக்குச் சளி, காய்ச்சல் இருக்கும் நாலைந்து நாள் மட்டும் அவர் வேறு அறையில் படுக்கட்டும்.

ஃப்ளூ தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டியது. 6 மாதம் முதல் 5 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். பெரியவர்களுக்கும் உங்கள் டாக்டரிடம் கேட்டுப் போடலாம். எப்போது போடுவது என்பதில் மட்டும் புனேத் தமிழர்கள் கொஞ்சம் ஏமாறுகிறார்கள். சென்னையிலும் வேலூரிலும் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இங்கே புனேயில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, கச்சிதமாகப் பள்ளி திறந்து வேன் நிரம்பி ஓடும் மாதங்களில். ஊர் வழக்கப்படி தீபாவளிக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தால், இங்கே சீசனே முடிந்திருக்கும். மே மாதம் லீவில் ஊருக்குப் போகும்போதே போட்டுவிட்டு வந்தால் சரியாக இருக்கும்.